ஐம்பத்தேழாம் பக்கத்தின் மூலை

1984 ஆகஸ்ட் 20, திங்கள்

பாலில் இன்றும் தண்ணீர். இரண்டாம் முறையாகச் சொல்லியாயிற்று. மூன்றாம் முறை சொல்லமாட்டேன், ஆளை மாற்றிவிடுவேன்.

நான்கு மணிக்கு வருகிறேன் என்ற குப்புராஜ் நான்கு இருபதுக்கு வந்தார். என் கணவரிடம் படித்தவர், இப்போது அதே கல்லூரியில் கணிதத் துறைத் தலைவர். கல்லூரிக்குப் பொன்விழா வருகிறது. துறைக்குப் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறார்கள். அதன் வாசலில் ஒரு கருங்கல் பலகை வைத்து, அதில் என் கணவரின் எண்ணை வெட்டப் போகிறார்களாம்.

“சார் பேரும் அந்த நம்பரும் மட்டும்தாம்மா. வேற யாரு பேரும் வேணாம்னு கமிட்டியில ஒரே குரலா சொல்லிட்டாங்க. அந்தக் கமிட்டி ஒரே குரலா பேசுனது இதுதான் மொத தடவ” என்றார்.

எழுதிக்கொண்டு வந்த தாளைக் காட்டினார். ‘பேராசிரியர் ம. தைரியநாதன் கண்டுபிடித்த பகா எண் 1234567891.’ கண்டுபிடித்த என்பது தவறு. எண் எப்போதும் இருந்தது. பகா எண் என்று நிறுவியவர் என்றுதான் எழுத வேண்டும். திருத்திக் கொடுத்தேன்.

“நம்பரை யாராவது சரி பாத்தீங்களா?” என்று கேட்டேன்.

“சாரோட கணக்கையா? நல்லா கேட்டீங்க போங்க. மெட்ராஸ்ல கம்ப்யூட்டர்ல குடுத்துப் பாக்கலாம்னு புதுசா வந்த லெக்சரர் ஒருத்தர் சொன்னார். நான்தான் விடல. சார் கணக்குக்கு மெஷின் வந்து சர்ட்டிபிகேட் குடுக்கணுமா?”

செப்டம்பர் பத்தாம் தேதி அந்தத் தாள் கல் வெட்டுகிறவரிடம் போகிறது.

எழுந்தபோது அவர் இன்னொன்றும் கேட்டார். “வகுத்தல் பூரா வீட்ல அம்மா போட்டதுன்னு சார் கிளாஸ்லயே சொல்வார். உங்க பேரையும் சேத்துடலாமாம்மா?”

வேண்டாம் என்றேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

எனக்குப் பின் இதை யாராவது படிக்க நேர்ந்தால் புரிய வேண்டும் என்பதற்காக ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

எண் இது: ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாக இலக்கங்கள், கடைசியில் மீண்டும் ஒன்று. நூற்றிருபத்து மூன்று கோடிக்கு மேல். அவர் 12, 123, 1234 என்று ஒவ்வோர் இலக்கமாகச் சேர்த்துக்கொண்டே போய், ஒவ்வொன்றும் எதனால் வகுபடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். 12 இரண்டால் வகுபடும். 123 மூன்றால். 1234567 சற்றுத் தயங்கிவிட்டு 127-ஆல் வகுபடும். ஒன்பதைத் தாண்டி மறுபடி ஒன்று வந்தபோதுதான் எதற்கும் மசியவில்லை. “செலஸ்தீன், இது உன்னை மாதிரி” என்றார். நான் சிரித்ததாக நினைவில்லை.

ஓர் எண் பகா எண்தான் என்று நிறுவ வேண்டுமானால், அதன் வர்க்கமூலம் வரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றால்கூட மீதியின்றி வகுபடக் கூடாது. இதன் வர்க்கமூலம் 35136-க்குச் சற்று மேலே. அதுவரை மூவாயிரத்து எழுநூறு பகா எண்களுக்கு மேல் இருக்கின்றன. 61 வரை வாய்க்கணக்காகவே போட்டுவிட்டோம். மீதியை நோட்டில், தாளின் ஒரு புறம் மட்டும், பக்கத்துக்கு முப்பது வரியாக, நூற்றிருபத்தைந்து பக்கம். 1951 ஜூனில் ஆரம்பித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஈவும் மீதியும் நான் எழுதுவேன். அவர் இலக்கங்களைக் கூட்டி ஒன்பதைத் தள்ளிச் சரிபார்த்து, பக்கத்தின் வலது கீழ் மூலையில் ஒரு டிக் போட்டு ‘தை’ என்று எழுதுவார். ஒருவர் வகுத்ததை அவரே சரிபார்க்கக் கூடாது. அந்த விதியைச் செய்தவள் நான்.

நூற்றிருபத்து நான்கு பக்கங்களின் மூலையில் டிக் இருக்கிறது. ஐம்பத்தேழாம் பக்கத்தின் மூலையில் இல்லை.

ஆகஸ்ட் 22, புதன்

நோட்டுகள் இருக்கும் பெட்டியைத் திறக்கவில்லை. ரசகற்பூர உருண்டை வாசனை எனக்குத் தலைவலி தரும்.

ஆகஸ்ட் 23, வியாழன்

எழுதியே தீர வேண்டும்.

1952 ஆகஸ்டில் ஒரு வாரம் வீட்டில் உடம்பு சரியில்லை. அதனால் ஐம்பத்தேழாம் பக்கத்தின் முப்பது வரிகளையும் வகுக்காமலே நிரப்பினேன். மனத்தில் வந்த ஈவு, மனத்தில் வந்த மீதி. ஐந்து நாள் வேலையைக் கால் மணி நேரத்தில் முடித்தேன். மறுநாள் ஐம்பத்தெட்டாம் பக்கத்தை ஒழுங்காகத் தொடங்கினேன். அதன்பின் ஒரு வரியில்கூட நான் தவறியதில்லை.

எல்லாம் முடிந்து நோட்டுகளைத் துணியில் கட்டும்போது ஐம்பத்தேழின் கீழ் மூலை மட்டும் கண்ணில் பட்டது. வெறுமையாக இருந்தது. உடனே மூடிவிட்டேன். ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கல்லூரி மலரில் அந்த எண்ணைத் தன் பெயரில் போட்டிருக்கிறார். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். அவர் போய் மூன்று வருடமாகிறது.

அந்த முப்பதில் ஒன்றால் வகுபட்டாலும் அது பகா எண் இல்லை. காகிதத்தில் இருந்தவரை அது என் பொய். கல்லில் வெட்டிவிட்டால் அவர் பொய். பத்து வருடத்தில் யாராவது ஒரு மாணவர் அதை இயந்திரத்தில் போட்டுப் பார்க்கத்தான் போகிறார். தைரியநாதன் என்ற பெயரைச் சொல்லி அந்த வாசலில் நின்று சிரிப்பார்கள்.

பதினெட்டு நாள் இருக்கிறது. அந்த முப்பதையும் நானே வகுக்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 24, வெள்ளி

நோட்டை எடுத்தேன். ஐம்பத்தாறாம் பக்கம் 14489-இல் முடிகிறது. ஐம்பத்தேழைப் பார்க்காமல் அதன் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, நாலு பக்கமும் குண்டூசி குத்திவிட்டேன். பழைய பொய்யைப் பார்த்துக்கொண்டே புதுக் கணக்குப் போட முடியாது. 14503 முதல் 14753 வரை முப்பது பகா எண்களையும் அவருடைய அட்டவணையிலிருந்து எடுத்து எழுதிக்கொண்டேன்.

முதல் வகுத்தலுக்கு முக்கால் மணி நேரம். அந்தக் காலத்தில் பத்து நிமிடத்துக்குமேல் ஆனதில்லை. 14503: ஈவு 85125, மீதி 16.

பதினாறு. பதினான்காயிரத்துக்குப் பதினாறு என்பது வாசற்படி வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது மாதிரி.

இரண்டாவது 14519: மீதி 2802. அதோடு நிறுத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 25, சனி

14533: ஈவு 84949, மீதி 4074. 14537: மீதி 13166.

என் ஏழுகளுக்கு இன்றும் நடுவில் ஒரு கோடு உண்டு. புதுச்சேரி கான்வென்ட்டில் மதர் ஒக்தவி பழக்கியது. கோடில்லாத ஏழு ஒன்றைப்போல் தெரிந்து கணக்கைக் கெடுக்கும் என்பார். கோடு போடாவிட்டால் விரல்முட்டியில் ரூல்தடி விழும். “உன் ஏழெல்லாம் இடுப்புல பெல்ட் கட்டியிருக்கு, போலீஸ்ல சேக்கலாம்” என்று என் கணவர் கேலி செய்வார்.

அஞ்சலை தம்ளர்களைச் சரியாகக் கழுவுவதில்லை. காட்டினேன். “கண்ணாடி போட்டாத்தாம்மா உங்களுக்கு அழுக்கு தெரியுது. கழட்டிட்டுக் குடிங்க” என்கிறாள். பதினோரு வருடமாக வேலை செய்கிறவள் என்பதால் பேச்சு அப்படி.

ஆகஸ்ட் 26, ஞாயிறு

பூசை. ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பதில்லை, அதுவும் அன்றைய விதி.

ஆகஸ்ட் 28, செவ்வாய்

எட்டு முடிந்தது. 14557: மீதி 3278.

அஞ்சலை மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “இன்னாம்மா இது, பரீட்சை எழுதுற மாதிரி காலைலேர்ந்து? சோறு ஆறிப் போவுது.”

“பரீட்சைதான்.”

“பாஸானா இன்னா குடுப்பாங்க?”

கல் என்றேன். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 30, வியாழன்

பன்னிரண்டாவது, 14593. மூன்றாவது கழித்தலில் பூச்சியம். ஈவு 846. மீதி இல்லை.

பிறகு குப்புராஜுக்கு எழுதினேன். ‘அந்த எண்ணில் பிழை இருக்கிறது. கல் வேண்டாம். காரணம் கேட்க வேண்டாம்.’ உறையை ஒட்டி, நேரில் கொடுக்கச் சொல்லி அஞ்சலையிடம் கொடுத்தனுப்பினேன்.

எழுத்து கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதைக் குறித்து வைக்கிறேன்.

ஆகஸ்ட் 31, வெள்ளி

எண்ணை இரண்டு காரணிகளின் பெருக்கமாக எழுதி வைக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். பிழை என்று சொன்னால் நிரூபணமும் வேண்டுமல்லவா. 14593-ஐ 846-ஆல் பெருக்கினேன். 12345678 வந்தது.

மறுபடி பெருக்கினேன். மறுபடியும் 12345678.

எட்டு இலக்கம். எங்கள் எண்ணுக்குப் பத்து இலக்கம். கடைசி 9-ஐயும் 1-ஐயும் நான் இறக்கவே இல்லை. எட்டு வரை மிச்சமின்றி வகுபட்டதும் பூச்சியத்தைப் பார்த்துப் பேனாவை வைத்துவிட்டிருக்கிறேன். நான்காம் வகுப்புப் பிள்ளை செய்யும் தவறு. ஈவு 84600, மீதி 91.

செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் தெருமுனை வரை போய், குழாயடியில் அஞ்சலையைப் பிடித்தேன். கடிதம் கொடுத்துவிட்டாயா என்று கேட்க மூச்சு வரவில்லை.

“கோச்சிக்காதீங்கம்மா. அந்த ஐயா வூட்ல நாயைக் கட்டாம வுட்டிருந்தாங்க. இன்னிக்கி போலாம்னு வெச்சிட்டேன்.”

“எங்க வெச்ச?”

“அரிசி டப்பாவுல. கரப்பான் அரிக்காது பாருங்க.”

பதினோரு வருடத்தில் முதல்முறையாக, அவள் சொன்ன வேலையைச் செய்யாததற்காக ஒன்றும் சொல்லவில்லை. அரிசி மாவு ஒட்டிய அந்த உறையை அடுப்பில் போட்டேன்.

செப்டம்பர் 1, சனி

இரண்டு வகுத்தல். இனி ஒவ்வொன்றையும் திருப்பிப் பெருக்கிப் பார்க்கிறேன்.

மாலையில் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எட்டாம் கட்டளை: பொய்ச்சாட்சி சொல்லாதே. முப்பத்திரண்டு வருடமாக மற்றதையெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஓர் எண்ணைப் பற்றிப் பொய்ச்சாட்சி சொன்னேன் என்றால் இந்த இளம் பாதிரியாருக்கு என்ன புரியும்? எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போதே திரும்பி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 3, திங்கள்

நான்கு முடித்தேன். பதினெட்டு ஆயிற்று.

உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தேன். எனக்கு இல்லை, எங்கள் மகள் கிளாராவுக்கு. இரண்டரை வயது. வெள்ளிக்கிழமை காய்ச்சல், தொண்டை அடைப்பான் என்று டாக்டர் சொன்னபோது சனிக்கிழமை மாலை. ஞாயிறு, பதினேழாம் தேதி, மஞ்சக்குப்பம் கல்லறையில்.

புதன்கிழமை காலையில் அவர் எப்போதும்போல நோட்டை மேஜையில் வைத்து, ஐம்பத்தேழாம் பக்கத்தை விரித்து, பேனாவுக்கு மை நிரப்பிவிட்டுக் கல்லூரிக்குப் போனார். வாய் திறந்து ஒரு வார்த்தை இல்லை. அந்த விரித்த பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு வந்ததை இங்கே எழுதமாட்டேன். நிரப்பினேன். அவ்வளவுதான். வேண்டுமென்றுதான் நிரப்பினேன்.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாடு ஆனதும் கல்லூரிக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை? என்னோடு வீட்டில் உட்காரப் பிடிக்கவில்லை என்று புரிந்துகொண்டேன். கேட்கவில்லை.

செப்டம்பர் 4, செவ்வாய்

நான்கு. வலது கண்ணில் நீர் வடிகிறது. கண்புரையாக இருக்கும்.

செப்டம்பர் 5, புதன்

14713: மீதி 61. இதுவும் வாசற்படி வரை வந்தது. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். 61 நிற்கிறது.

14723: மீதி 172.

குப்புராஜ் வந்தார். விழா அழைப்பிதழின் அச்சுப்படி. இரண்டு இடத்தில் திருத்தினேன்.

“அம்மா ஏன் இப்டி எளச்சிட்டீங்க? அஞ்சலை சொல்லிச்சு, ஏதோ பரீட்சையாமே.”

“பத்தாம் தேதிதானே கல்லுக்குப் போகுது?”

“பத்துதாம்மா. ஏன், மாத்தணுமா?”

“எட்டாம் தேதி சொல்றேன்” என்றேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 6, வியாழன்

மூன்று. இன்னும் இரண்டு. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அந்தக் கடைசி இரண்டில் ஒன்று இருந்தால்? வாய்ப்புக் குறைவு என்று அவர் சொல்வார். குறைவுதான். ஆனால் இல்லை என்று சொல்ல முடியாதே.

செப்டம்பர் 7, வெள்ளி

14747: மீதி 8039.

14753: ஈவு 83682, மீதி 7345.

முப்பதிலும் பூச்சியம் இல்லை. அது பகா எண்.

அஞ்சலைக்கு ஒரு தம்ளர் காபி என் கையால் போட்டுக் கொடுத்தேன். தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.

செப்டம்பர் 8, சனி. மாதாவின் பிறந்தநாள்

காலைப் பூசை முடிந்து வந்து, நோட்டை மேஜையில் வைத்தேன். எண் தப்பிவிட்டது, ஆனால் பக்கம் இன்னும் பொய்யாகவே இருக்கிறது. என் பழைய மீதிகளை ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். குண்டூசிகளை எடுத்தேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பார்க்க மனம் வரவில்லை. வெள்ளைத்தாளை ஒரு வரி அளவுக்குக் கீழே இழுத்தேன்.

14503. ஈவு 85125. மீதி 16.

அடிக்கப் போன பேனா நின்றது. மனத்துக்கு வந்ததை எழுதினேனே, அது எப்படிப் பதினாறாக இருக்கும்? ஒரு வரியில் தற்செயல் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னும் ஒரு வரி இழுத்தேன். ஈவு 85031, மீதி 2802. சரி. மூன்றாவது வரி. 14533. 84949. 4074. சரி.

அந்த 4074-இல் உள்ள ஏழுக்கு நடுவில் கோடில்லை.

தாளை முழுவதும் எடுத்தேன். முப்பது வரியும் அவர் கையெழுத்து. அவசரமில்லாத, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. என் தாள் அங்கே இல்லை. அதை எடுத்துவிட்டு வேறொரு தாளை வைத்துத் தைத்திருக்கிறார். நான் நோட்டுகளை வெள்ளை நூலால் தைப்பேன். இந்த ஒரு தாளில் மட்டும் கறுப்பு நூல், தையல் கோணல். ஊசி பிடிக்கத் தெரியாதவர். பக்கத்தின் தலைப்பில் மூன்று தேதிகள்: 24-8-52, 31-8-52, 7-9-52. மூன்றும் ஞாயிறு.

ஞாயிற்றுக்கிழமை வகுக்கக் கூடாது என்ற விதி அவருக்குத் தெரியும்.

முப்பது வரிகளையும் என் புதுக் கணக்கோடு ஒப்பிட்டேன். 91, 61, 172, எல்லாம் இருக்கிறது. ஓர் இலக்கம்கூட மாறவில்லை. அவர் 14593-இல் மூன்றாவது கழித்தலில் பூச்சியம் வந்தபோது பேனாவை வைத்தாரா என்று யோசித்தேன். ஒருவேளை வைத்திருக்கலாம். கல்லூரியில் அன்று பக்கத்தில் யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

என் தாளை என்ன செய்தார் என்று தெரியவில்லை. தேடப் போவதில்லை.

பதினொரு மணிக்கு அஞ்சலையிடம் சீட்டு கொடுத்தனுப்பினேன். நாய் இருந்தாலும் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று சொன்னேன். ‘கல்லுக்கு அனுப்பலாம். என் பெயரையும் போடுவதானால் போடுங்கள். இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.’

பிறகு ஐம்பத்தேழாம் பக்கத்தின் மூலையை மறுபடி பார்த்தேன். முப்பத்தோரு வருடமாக அதை என் மேல் சொல்லப்படாத ஒரு குற்றச்சாட்டாகப் படித்து வந்திருக்கிறேன். ஒருவர் வகுத்ததை அவரே சரிபார்க்கக் கூடாது. இந்தப் பக்கத்தை வகுத்தவர் அவர். டிக் போட வேண்டியவள் நான். அதற்கு இடம் விட்டு வைத்துவிட்டு, ஒரு நாளும் கேட்காமல் இருந்திருக்கிறார்.

ஒன்பதைத் தள்ளி முப்பது வரியையும் இன்னொரு முறை சரிபார்த்தேன். பேனாவுக்கு மை நிரப்பினேன். மூலையில் டிக் போட்டு ‘செ’ என்று எழுதி, கீழே தேதியிட்டேன்: 8-9-84.

அஞ்சலை திரும்பி வந்து மேஜையைத் துடைக்க வேண்டும், நோட்டை எடுங்கள் என்கிறாள். மை காயட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.